வெட்டுறதுக்குன்னே நாலு ஐட்டம் வை

ஏலே பேராண்டி, மதுரையில ஆபீஸ் திறந்து போர்டும் மாட்டிட்டியாம்ல. ‘பசுமைக் கட்டட வடிவமைப்பாளர்கள்’னு பச்சை எழுத்துலயாம். உங்க ஆச்சி அந்தப் போட்டோவைப் போன்ல வச்சுக்கிட்டு ஊர் பூராக் காட்டிட்டு வந்துட்டா. வீட்டுக்குப் பச்சைப் பெயிண்டு அடிக்கிற காண்ட்ராக்ட் எடுத்திருக்கான் போலன்னு கீழத்தெருவுல பேசிக்கிடுதாக. நான் திருத்தப் போகலை. பெயிண்டு வேலை வந்தா அதையும் எடுத்துக்கோ, துட்டு கைமேல வரும். நீ செய்யப்போற வேலைக்குத் துட்டு வாங்குறது அவ்வளவு லேசு இல்லை.

ஏன்னா நீ விக்கப்போறது கண்ணுக்குத் தெரியாத சரக்கு. எரியாத கரண்டு, ஓடாத ஏசி. கிரானைட்டைத் தொட்டுக் காட்டலாம், தேக்கு நிலையைத் தட்டிக் காட்டலாம். வராத வெக்கையை எப்படிலே காட்டுவ? கரண்டி பிடிச்சுக் காய்ச்சுப்போன கை இது. வாத்தியாரு வீட்டுல இருந்து வட்டிக்கடைக்காரரு வீடு வரைக்கும் கட்டிக் குடுத்திருக்கேன். வீடு கட்டுதவன் மனசு உன் கம்ப்யூட்டர்ல வராது. அதனால கொஞ்சம் சொல்லுதேன்.

நீ, உன் கூட்டாளி, படம் போடுத அந்தப் பிள்ளை, ஆக மூணே பேரு. உன்னைத் தேடி அஞ்சு செண்டு, எட்டு செண்டு மனைக்காரந்தான் வருவான். அடுக்குமாடி கட்டுத கம்பெனிக்காரன் உன் தெருப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டான். அது உனக்கு நல்லதுதான், வீட்டுல குடியிருக்கப் போற ஆளே உன் எதிர்ல உக்காந்திருக்கும். ஆனா ஒண்ணு, பேசுறது வீட்டுக்காரரா இருக்கும், முடிவு எடுக்கிறது அந்தம்மாவா இருக்கும், துட்டு அனுப்புறது துபாய்ல இருக்கிற மகனா இருக்கும். மூணு பேருக்கும் மூணு விதமாப் பேசணும். வீட்டுக்காரருக்கு பில்லு, அந்தம்மாவுக்கு அடுப்படி வெக்கை, மகனுக்கு மட்டும் உன் ‘சஸ்டெயினபிள்’. மாத்திப் பேசினியோ, அம்புட்டுதான்.

முதல் நாள் பார்ட்டி வந்து உக்காந்ததும் போனை எடுத்து நீட்டுவாரு. எலிவேஷன் படம். முன்பக்கம் பூராக் கண்ணாடி, ஒரு சன்ஷேடு கிடையாது, ஓரத்துல நாலு ஈச்சமரம். “இதே மாதிரி நச்சுன்னு இருக்கணும் தம்பி”ம்பாரு. உடனே உனக்குப் படிச்ச படிப்பு தொண்டை வரைக்கும் வந்து நிக்கும். “சார், இதுல ஹீட் கெயின் ஜாஸ்தி”ன்னு ஆரம்பிப்ப. ஆரம்பிச்சா, அவரு தலையை ஆட்டிக் கேட்டுட்டு, நேரா அடுத்த தெருவுல ஸ்கொயர் ஃபீட் ரேட்டுக்குக் கட்டிக் குடுக்கிற காண்ட்ராக்டர்ட்ட போயி அட்வான்ஸ் குடுத்திருவாரு. அந்தாளு படமே வரைய மாட்டான். போனைப் பாத்தே கட்டிருவான்.

நீ படத்தை வாங்கி நல்லாப் பெருசு பண்ணிப் பாரு. “அருமையா இருக்குண்ணாச்சி”ன்னு சொல்லு. பொய்தான், நாக்கு ஒண்ணும் அழுகிராது. பெறகு மெதுவா, இப்ப இருக்கிற வீட்டு கரண்டு பில்லு ஒரு வருசத்துக்கு உண்டான்னு கேளு. ரெண்டு மாசத்துக்கு ஒருக்க ரீடிங், ஆறு பில்லு. அதை மேசையில விரிச்சா அந்தக் குடும்பத்தோட கதை பூராவும் தெரிஞ்சு போகும். சித்திரை வைகாசியில எவ்வளவு எகிறுது, மார்கழியில எவ்வளவு இறங்குது, மகன் லீவுக்கு வந்த மாசம் எது, எல்லாம் அதுல இருக்கு. முதல் 100 யூனிட்டு 2016ல இருந்து இலவசம், அதுவரைக்கும் மனுசன் அரசாங்கத்து மாப்பிள்ளை. 500ஐத் தாண்டினா ரேட்டு அட்டவணையே வேற. தாண்டுன யூனிட்டுக்கு மட்டும்தான் கூடுதல்னு பாதிப் பேரு நெனைச்சுக்கிட்டு இருக்காக. இல்லை, கீழ உள்ள யூனிட்டுக்கும் சேத்து ரேட்டு ஏறும். இதை அவருக்குப் பொறுமையாச் சொல்லிட்டு, “500க்குள்ள நிக்கிற மாதிரி ஒரு வீடு போட்டுப் பாப்பமா?”ன்னு கேளு. கண்ணாடி வேண்டாம்னு நீ வாயே திறக்கலை பாத்தியா? ஆனா அவரு கண்ணாடியைப் பத்தி யோசிக்க ஆரம்பிச்சிருவாரு.

ரெண்டாம் பேச்சை உன் ஆபீஸ்ல வைக்காத. அவரு குடியிருக்கிற வீட்டுல வை. அதுவும் ராத்திரி சாப்பாடு முடிஞ்ச பெறகு போ. காப்பி குடுப்பாக, வாங்கிக் குடி. குடிச்சிட்டு, மேற்கால சுவரு எந்த ரூம்ல இருக்குன்னு விசாரிச்சு அங்க கூட்டிட்டுப் போ. அவரு கையைப் பிடிச்சு உள்பக்கச் சுவத்துல வை, அப்படியே கொஞ்சம் நேரம் வச்சிருக்கச் சொல்லு. சாயங்காலம் நாலு மணிக்கு வெளிப்பக்கம் அடிச்ச வெயிலு ஒன்பது அங்குலச் செங்கலுக்குள்ள மெதுவா நடந்து, நாம பாயை விரிக்கிற நேரத்துக்குத்தான் உள்பக்கம் வந்து சேரும். சூரியன் மறைஞ்சு நாலஞ்சு மணி நேரம் ஆயிருக்கும், சுவரு அப்பத்தான் கொதிச்சுக்கிட்டு இருக்கும். பெறகு கையை மேல தூக்கச் சொல்லு. கட்டில் மேல ஏறி நின்னு தளத்தைத் தொடச் சொன்னாலும் தப்பில்லை, அவரு ஏறலைன்னா நீ ஏறு. மாடி இல்லாத வீட்டுல பெரும்பாலான வெக்கை வாறது அந்தத் தளம் வழியாத்தான். இத்தனை வருசமா அந்த ரூம்ல படுத்து எந்திரிச்சவரு, அன்னைக்குத்தான் சுவரைத் தொட்டுப் பாப்பாரு. அந்தம்மா அடுப்படி வாசல்ல நின்னு, “நான் சொன்னா கேட்டாத்தான”ம்பாக. உன் பக்கம் ஒரு ஓட்டு விழுந்தாச்சு.

அந்தப் பிள்ளை கம்ப்யூட்டர்ல வீட்டைச் சிவப்பும் நீலமுமாப் போட்டுக் காட்டுச்சே, சிமுலேஷனோ என்னமோ, அது உங்க மூணு பேரு கண்ணுக்கு மட்டும் இருக்கட்டும். வேலைக்கு அது வேணும், நான் மறுக்கலை. பார்ட்டிக்குக் காட்டினா, “இந்தச் சிவப்பு ரூம்ல தீப்பிடிச்சிருமா?”ன்னு கேப்பாரு.

இப்ப சூரியன் கதைக்கு வா. நீ படிச்ச புஸ்தகத்துல தெற்குச் சுவரை மறை, வடக்கைத் திறந்து விடுன்னு போட்டிருப்பான். எழுதினவன் எந்த ஊரு? நம்ம கோவில்பட்டி அட்சரேகை 9 டிகிரியில கிடக்கு. சித்திரை ஒண்ணாந் தேதி வாக்குல உச்சிச் சூரியன் நேரா மண்டைக்கு மேல நிக்கும். அதுல இருந்து ஆவணி பாதி வரைக்கும், அதாவது நம்மளை வறுத்தெடுக்கிற மாசம் பூராவும், மத்தியானச் சூரியன் வடக்க சாஞ்சுதான் போகும். வடக்குச் சுவத்துக்கும் சன்ஷேடு வேணும்லே. தெற்குல மார்கழிச் சூரியன்தான் இறங்கி வரும். அதுவும் பாதாளத்துக்கு இல்லை, ரெண்டு அடி சன்ஷேடு போட்டா உச்சியில மூணு அடிக்கு நிழல் விழும், சன்னல் தப்பிச்சிரும். கிழக்கு வெயிலு காலையோட போயிரும். வில்லன் மேற்குதான். சாயங்காலம் சாஞ்சு வாற வெயிலு சன்ஷேடுக்கு அடியில குனிஞ்சு உள்ள வந்திரும். அங்க தாழ்வாரம் வேணும், மரம் வேணும், இல்லைன்னா நிக்கவச்ச பட்டிச் சுவரு வேணும்.

மேற்கை மொத்தமா அடைச்சிருவோம்னு நெனைக்காத. ஆனி ஆடியில செங்கோட்டைக் கணவாய் வழியா வாற மேகாத்து எங்க இருந்து வருது? கயத்தாறுல அத்தனை காத்தாலை எதுக்குச் சுத்துது? வெயிலும் காத்தும் ஒரே பக்கத்துல இருந்து வாற ஊரு இது. தூத்துக்குடிக்காரனுக்குக் கிழக்க கடல், மத்தியானத்துக்கு மேல கடக்காத்து. சென்னையிலயும் அப்படித்தான். அதனால சென்னையில உன் சிநேகிதன் போட்ட பிளானை வாங்கிட்டு வந்து இங்க ஒட்டாத. காத்து உள்ள வாற சன்னலுக்கு எதிர்ல போற சன்னலும் இருக்கணும். இல்லைன்னா எவ்வளவு பெரிய சன்னல் வச்சும் திரைச்சீலை கூட அசையாது. கொசுவலை அடிப்பாகன்னு இப்பவே கணக்குல வை, வலை பாதிக் காத்தைத் தின்னுரும், சன்னலைக் கொஞ்சம் பெருசாப் போடு.

வாஸ்துக்காரரைப் பாத்தா உனக்கு மொகம் சுருங்குதாம், உன் கூட்டாளி சொன்னான். ஏம்லே? அவரு உன் கட்சிக்கு ஆள் சேக்க வந்தவரு. வீட்டுக்காரரு படுக்கை ரூம் கன்னி மூலையிலதான் வரணும்பாரு. தென்மேற்கு. சாயங்கால வெயிலு பூராவும் குடும்பத்தலைவர் தலையிலதான் இறங்கணும்னு சாஸ்திரம் முடிவு பண்ணிருச்சு. நீ சண்டைக்குப் போகாத. அதே சாஸ்திரம் கன்னி மூலை கனமா இருக்கணும், உசரமா இருக்கணும்னும் சொல்லுதுல்ல? பயபக்தியோட கேட்டுக்கோ. “கனமா இருக்கணும்னு சாமி சொல்லுதாரே, அப்ப அந்த மூலைச் சுவரை இன்னும் கொஞ்சம் தடிமனாப் போட்டிருவோமா?”ன்னு கேளு. “உசரமா இருக்கணும்னா மேல்தொட்டியை அந்த ரூம் தளத்துக்கு மேலயே தூக்கி வச்சிருவோமா?”ன்னு கேளு. தடிச்ச சுவரு மேற்கு வெயிலைத் தாங்கும், தொட்டி நிழல் தளத்தை மறைக்கும். உள்ள மேற்குச் சுவரு நெடுகத் துணி அலமாரியை இழுத்து விட்டா அது இன்னொரு தடுப்பு. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, “எதுக்குத் தம்பி வீண் செலவு”ன்னிருப்பாரு. சாஸ்திரம் சொன்னா மறுபேச்சு கிடையாது, செக்குல கையெழுத்து விழும்.

எங்க காலத்துத் தளம் உனக்குத் தெரியாது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் தெளிச்சு, பொம்பளைகளும் ஆம்பளைகளும் வரிசையா உக்காந்து பலகையால தட்டித் தட்டி இறுக்கி, அதுக்கு மேல தட்டோடு பதிப்போம். வெயிலு தளத்தைத் தொடுறதுக்கு முன்னால அத்தனை அடுக்கைத் தாண்டணும். இப்ப அஞ்சு அங்குலக் கான்கிரீட்டைப் போட்டு, மேல கறுப்புத் தார்ஷீட்டையும் விரிச்சு, கீழ ஃபால்ஸ் சீலிங் அடிச்சு, அதுக்குள்ள இருபது லைட்டு. தட்டோட்டை மறுபடி கேளு. ஆள் கிடைக்கலைன்னா வெள்ளை டைலு, அதுக்கும் துட்டு இல்லைன்னா வருசத்துக்கு ஒருக்க வெள்ளைச் சுண்ணாம்பு. சித்திரைக்கு முன்னால அடிச்சுப்புடணும்.

திருவனந்தபுரத்துல லாரி பேக்கர்னு ஒருத்தரு இருந்தாரே, இங்கிலாந்துல பர்மிங்காம்ல பொறந்து 1945ல நம்ம நாட்டுக்கு வந்தவரு. 1990ல பத்மஸ்ரீ குடுத்தாக, 2007ல காலமாயிட்டாரு. அங்க உள்ளூர்ங்கிற பகுதியில அவரு கட்டின ஆராய்ச்சி மையத்தைப் போய்ப் பாரு. உங்க காலேஜ்ல கூட்டிட்டுப் போயிருப்பாக, அப்ப நீ செல்ஃபிதான் எடுத்திருப்ப. அஞ்சு மைலுக்குள்ள கிடைக்கிற சாமானை வச்சுக் கட்டணும்னு காந்தி சொன்னதை மனசுல வச்சுக்கிட்டு வேலை பாத்த ஆளு. அவரு கைப்பழக்கம் ரெண்டு உனக்கு உதவும்.

ஒண்ணு ஓட்டுத் தளம். சென்ட்ரிங் பலகை அடிச்ச பெறகு, மங்களூர் ஓடு ரெண்டை வயிறும் வயிறுமாக் கவுத்துச் சேத்து, கட்டம் கட்டமா வைப்போம். கட்டத்துக்கு இடையில கம்பி ஓடும். மேல கான்கிரீட்டு ஊத்துவோம். தளத்தோட அடிப்பாகத்துக் கான்கிரீட்டு பெருசா வேலை ஒண்ணும் செய்யுறதில்லை, இழுக்கிற பாரத்தைக் கம்பிதான் தாங்குது. சும்மா கிடக்கிற இடத்துல ஓட்டை வச்சா சிமெண்டும் மிச்சம், ரெண்டு ஓட்டுக்கு நடுவுல அடைபட்ட காத்தும் வெக்கையைத் தடுக்கும். ஓட்டைத் தண்ணியில முக்கி வைக்கணும், இல்லைன்னா கான்கிரீட்டுத் தண்ணியை உறிஞ்சிரும். ஊத்துத அன்னைக்கு நீ மேல நில்லு. தள்ளுவண்டிக்காரன் மிதிச்சே பத்து ஓட்டை உடைச்சிருவான். பலகையைப் பிரிச்சா அடியில சிவப்பு ஓடு வரிசையாத் தெரியும். “பழைய ஓட்டு வீடு மாதிரி இருக்கே, சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாக”ன்னு பார்ட்டி கண்ணைக் கசக்குவாரு. ‘டிசைனர் சீலிங்’னு சொல்லு. ஃபால்ஸ் சீலிங் கொட்டேஷனை எடுத்து நடுவுல கோடு போட்டு அடிச்சு, அந்தத் துட்டு மிச்சம்னு காட்டு. அடுத்த வாரம் சம்பந்தியைக் கூட்டிட்டு வந்து அவரே அண்ணாந்து காட்டுவாரு.

ரெண்டாவது எலிப்பொறிக் கட்டு. செங்கலைப் படுக்க வைக்காம நிக்க வச்சு, நடுவுல பொந்து விட்டுக் கட்டுறது. சுவரு அதே ஒன்பது அங்குலம், செங்கல் கால்வாசி மிச்சம், பொந்துக்குள்ள காத்து. ஆனா ஒயரு பைப்பை முன்கூட்டியே யோசிக்கலைன்னா, பெறகு எலக்ட்ரீஷியன் வந்து சுத்தியலால அடிச்சுப் பொந்துக்குள்ள ஒயரைத் தேடிக்கிட்டு இருப்பான். இன்னொண்ணு, எங்க ஆளுகளுக்கு இது பிடிக்காது. கல்லு நேரா இல்லைன்னா வரிசை நிக்காது, வேலையும் ஓடாது. அதனால படத்தை நீட்டி மேஸ்திரிக்குப் பாடம் நடத்தாத. காம்பவுண்டு ஓரமா ஒரு ஆள் உசரத்துக்கு மாதிரிச் சுவரு கட்டச் சொல்லு, அதுக்குத் தனிக் கூலி குடு, பக்கத்துல நின்னு டீ குடி. “இந்த வேலை உங்களை விட்டா யாருக்கும் வராதுண்ணே”ன்னு நாலு பேரு கேக்கச் சொல்லு. பெறகு அவரே கோணக்கல்லைத் தூக்கி எறிவாரு. செங்கல் விலை எகிறிப் போச்சுன்னா தூத்துக்குடி அனல்மின் நிலையத்துச் சாம்பல்ல செஞ்ச கல்லு இருக்கு, அது அளவு சுத்தமா இருக்கும்.

செட்டிநாட்டு முற்றம் கேட்டு ஒருத்தரு கட்டாயம் வருவாரு. சினிமாவுல பாத்திருப்பாரு. சந்தோசமா முற்றம் விடு. வீடு குடியேறி ஆறு மாசத்துல மழைச்சாரல் அடிக்குது, குரங்கு வருது, திருடன் வருவான்னு சொல்லி மேல கண்ணாடி போட்டு மூடிருவாரு. மூடுன முற்றம் வீட்டுக்கு நடுவுல வச்ச அடுப்புலே. வெயிலு உள்ள வரும், வெக்கை வெளிய போகாது. முன்னாலேயே நீயா கூரையை மூணு அடி தூக்கி, நாலு பக்கமும் காத்துப் போக சட்டம் சட்டமா இடைவெளி விட்டு, கம்பியும் போட்டுக் குடுத்திரு. சூடான காத்து மேல ஏறி அது வழியாப் போயிரும். குரங்குக்கு மட்டும் நான் உத்தரவாதம் இல்லை.

இப்பத்தான் மெயின் விசயத்துக்கு வாரேன், காதைக் குடு. தளம் போட்டு முடிச்ச அன்னைக்கு பட்ஜெட்டு உதைக்கும். உதைக்காத வீடு ஒண்ணு இருந்தாச் சொல்லு, நான் வந்து மாலை போடுதேன். அன்னைக்கு பார்ட்டி சிவப்புப் பேனாவோட உக்காருவாரு. எதை முதல்ல வெட்டுவாரு? சன்ஷேடு, தட்டோடு, எதிர்ச் சன்னல், மேற்குத் தாழ்வாரம். வெக்கையைத் தடுக்கிறது பூராவும் முதல் ரவுண்டுலயே காலி. எதை வெட்ட மாட்டாரு? இரும்பு கேட்டு, சாண்ட்லியர், முகப்பு டைலு, பூஜை ரூம் கதவு. தெருவுல போறவன் கண்ணுக்குத் தெரியுறது எதுவும் வெட்டுல சிக்காது.

ஆகவே நீ ரெண்டு காரியம் செய்யணும். கரண்டை மிச்சப்படுத்துறது எல்லாத்தையும் வெட்ட முடியாத இடத்துல கொண்டுபோயிச் சொருகு. வீடு எந்தத் திசையைப் பாக்கணும், எந்த ரூமு எந்தப் பக்கம்கிறதுக்கு ஒத்தைப் பைசா செலவு இல்லை, அதை யாரும் வெட்டவும் முடியாது. மாடிப்படி, கக்கூஸு, சாமான் ரூமு எல்லாத்தையும் மேற்குல தள்ளு. சன்ஷேடை லிண்டலோட சேத்தே ஊத்திரு. தாழ்வாரத்தைத் தளத்தோட ஒரே வார்ப்பா இழுத்திரு. பேனா வரும்போது அது கம்பியும் கான்கிரீட்டுமா நிக்கும். ரெண்டாவது காரியம், வெட்டுறதுக்குன்னே நாலு ஐட்டம் முதல்லயே எஸ்டிமேட்டுல சேத்து வை. ஹால்ல சுவத்துல தண்ணி வழியுத மாதிரி ஒண்ணு, மொட்டைமாடியில இத்தாலிக்காரன் ஊஞ்சல் ஒண்ணு, உன் கூட்டாளிக்கு இதெல்லாம் நல்லா வரும். வெட்டுத அன்னைக்கு நீ மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காரு. “அந்த ஊஞ்சல் இல்லைன்னா டிசைனே போச்சுண்ணாச்சி”ன்னு ஒரு பேச்சுக்குச் சொல்லு. அவரு வெட்டி ஜெயிச்ச சந்தோசத்துல தட்டோட்டைத் தொட மாட்டாரு. இதைப் படிச்சிட்டு எந்தப் பார்ட்டியாவது உன்கிட்ட கேட்டா, தாத்தாவுக்கு வயசாயிட்டு, என்னமாவது பேசுவாருன்னு சொல்லிரு.

சட்டம்னு ஒண்ணும் இருக்குன்னு சொன்னியே, 2018ல டெல்லியில போட்டாகளே, ‘ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா’. சுவரு, சன்னல் வழியா உள்ள வாற வெக்கை சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்குள்ள நிக்கணும், நம்ம மாதிரி புழுக்கமான ஊருல திறக்கிற சன்னல் கதவு தரைப் பரப்புல ஆறுல ஒரு பங்காவது இருக்கணும்னு. நல்ல கணக்குதான். ஆனா அது 500 சதுர மீட்டர் மனைக்கும் அதுக்கு மேலயும்தான், நம்ம கணக்குல பன்னெண்டு செண்டுக்கு மேல. உன் பார்ட்டி அஞ்சு செண்டு. சட்டத்தைக் காட்டி மிரட்ட முடியாது. அந்தக் கணக்கை மட்டும் எடுத்து நீ உள்ளுக்குள்ள போட்டுப் பாத்துக்கோ.

கல்லூரியில படிக்கும்போது ஜெர்மனியில டார்ம்ஸ்டாட்னு ஒரு ஊருல 1991ல கட்டின வீட்டைப் பத்தி வாய் ஓயாமப் பேசினியே, காத்துப் புகாம அடைச்சுக் கட்டி, ரொம்பக் கொஞ்சமாச் சூடேத்தியே குளிர்காலத்தைத் தள்ளுதானுகன்னு. அவனுகளுக்குக் குளிர் எதிரி. உள்ள இருக்கிற சூட்டைக் காப்பாத்துதானுக. நமக்கு வேர்வை காயணும், காத்து ஓடணும். அவன் கணக்குப் போட்ட ஒழுங்கை எடுத்துக்கோ, வீட்டை அங்கேயே விட்டிரு.

சோலார் பேச்சு வரும். “மேல பேனல் போட்டிருவோம் தம்பி, கீழ எப்படிக் கட்டினா என்ன?”ம்பாரு. 2024ல இருந்து சென்ட்ரல் கவர்மெண்டு மானியம் தருது, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூவா. அவருக்கு அது மனப்பாடமா இருக்கும். 3 கிலோவாட்டுன்னா மாடியில கிட்டத்தட்ட 300 சதுர அடி வேணும், ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட்டு வாக்குல வரும். போடட்டும், தடுக்காத. பேனலை ஆள் நடமாடுத உசரத்துக்குத் தூக்கி, படுக்கை ரூம் தளத்துக்கு மேல நிக்கிற மாதிரி வை. கரண்டுக்குக் கரண்டு, தளத்துக்கு நிழலு. அந்தம்மா வத்தல் காயப்போட ஒரு மூலை விட்டிரு, இல்லைன்னா பேனல் மேலயே காயும்.

காத்தாடி மட்டும் நீயே வாங்கிக் குடு. பழைய காத்தாடி 75 வாட்டு, புது பி.எல்.டி.சி. 30 வாட்டு. அஞ்சு காத்தாடி நாளைக்குப் பன்னெண்டு மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துல 160 யூனிட்டு மிச்சம். இந்த ஒரு கணக்கைத்தான் பார்ட்டி வீட்டுல போயி, பெறகு தெருவுல எல்லாருகிட்டயும் சொல்லுவாரு. நீ சுவத்துக்குள்ள பொந்து விட்டது யாருக்கும் தெரியாது. ஏசி போட வேண்டாம்னு எந்தக் காலத்துலயும் சொல்லாத. ஒரு ரூமுக்குப் போடுவோம், 24ல வைப்போம்னு சொல்லு. கம்பெனிக்காரனே 2020ல இருந்து 24ல வச்சுத்தான அனுப்புதான்.

உன் ஃபீஸு கட்டுமானச் செலவுல பெர்சென்ட்டாமே. நல்ல ஏற்பாடு. கரண்டு ரொம்பக் கம்மியாச் செலவாகுறது சின்னதாக் கட்டுன வீட்டுலதான். நாலு பெட்ரூமுக்கு மூணு போதும்னு நீ சொல்லணும், சொன்னா உன் ஃபீஸ்ல ஒரு பங்கு போகும். அதனால ஃபீஸை ஒரே தொகையாப் பேசிக்கோ, அப்ப நாக்கு சுத்தமா இருக்கும். ஆனா அந்தம்மா பக்கத்துல இருக்கும்போது, “உங்களுக்குச் சின்ன வீடு போதும்ண்ணாச்சி”ன்னு மட்டும் சொல்லிராத. வாசலோட அனுப்பிருவாக.

குடியேறின பெறகு எந்த இன்ஜினியரும் திரும்பிப் பாக்கிறதில்லை, சாவியைக் குடுத்தா தெருவை மாத்திக்கிடுதாக. நீ ஒரு அக்னி நட்சத்திரத்துல போ. கையில மாம்பழம் வாங்கிட்டுப் போ. எந்தச் சன்னலைத் திறக்கவே இல்லை, எந்த சன்ஷேடுல செருப்பு அடுக்கியிருக்காக, எந்தத் தாழ்வாரத்தைத் தகரம் அடிச்சு ரூமா மாத்திட்டாகன்னு பாரு. பில்லைக் கேட்டு வாங்கு. அடுத்த பார்ட்டிகிட்ட விரிக்க அதுதான் உனக்கு ஆல்பம்.

திங்கக்கிழமை மேலத்தெரு அரிசிமண்டி அண்ணாச்சி உன்னைப் பாக்க வாராரு. எட்டு செண்டு, பைபாஸ் மேல, மேற்குப் பாத்த வாசல். முன்பக்கம் பூராக் கண்ணாடி வேணும்னு போன்ல படம் வச்சிருக்காரு. “என் பேரன்ட்ட தாராளமாக் கேளுங்க, ஆனா கண்ணாடின்னா ஸ்கொயர் ஃபீட்டுக்குத் தனியா ஃபீஸ் போடுவான்”னு நேத்து டீக்கடையில சொல்லி வச்சிருக்கேன். பாதிக் கண்ணாடி இறங்கியிருக்கும், மீதியை நீ பாத்துக்கோ. கூட வாஸ்து பாக்கிறவரும் வாராரு. அவருக்கு டீயில சீனி வேண்டாம், சுகரு. கன்னி மூலைப் பேச்சை அவரே எடுக்கட்டும், நீயா எடுக்காத.